இரண்டு சாம்பார் வாளிகள்

நாங்கள் எட்டாவது படித்த வருஷம் அது. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் துணை நிற்பது என்று வாத்தியார்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஐந்து வாரம். எங்கள் பள்ளியிலிருந்து கணக்கு சார் தங்கமாரியப்பன் போனார். இதைப் பின்னால் அவரே எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அவர் குரல் இறங்கும்.

பயிற்சி கொடுத்தவர் யாஸ்மின் மேடம். முப்பது வயது இருக்கும். சாருக்கு ஐம்பத்தாறு. "என் மூத்த மக வயசுய்யா அதுக்கு. நான் கைகட்டி உக்காந்திருக்கேன்" என்று மற்ற சார்களிடம் சொல்லிச் சிரிப்பாராம். ஆனாலும் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். எழுதியதை உடனே செய்தும் பார்த்தார். அங்கேதான் தப்பு நடந்தது.

எங்கள் வகுப்பில் இசக்கியம்மாள் என்றொரு பிள்ளை. கொஞ்ச நாளாகச் சிரிப்பதில்லை. மதியச் சாப்பாட்டைப் பாதியில் கொட்டிவிடுவாள். சார் அதைக் கவனித்துவிட்டார். அதுவரை சரி. அவளை ஆசிரியர் அறைக்கு வரச்சொல்லி, மேசைக்கு முன்னால் நிற்கவைத்து, பயிற்சியில் கொடுத்த தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். ராத்திரி தூக்கம் வருதா, எதுக்காவது பயப்படுறியா, வீட்டில் என்ன பிரச்சனை.

எங்கள் பள்ளியில் அந்த அறைக்குக் கூப்பிட்டால் ஒன்று அடி விழும், இல்லை அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். இசக்கி வாயே திறக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கும் வரவில்லை. படிப்பு போதுமென்று சித்தியோடு திருப்பூருக்குப் போகப் போகிறாள் என்று பேச்சு வந்தது.

அடுத்த பயிற்சி நாளில், சாப்பாடு முடிந்ததும் சார் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"சாயங்காலம் அவ வீட்டுக்குப் போறேன் மேடம். விடிஞ்சா பஸ் ஏத்திருவாங்க. என்ன கேட்டா வாயத் திறப்பா? அந்த ஒரு கேள்வியை மட்டும் சொல்லுங்க."

மேடம் சுற்றிலும் பார்த்தார். பாத்திரம் கழுவுகிற அக்கா அன்று வரவில்லை. குழாயடியில் சாம்பார் வாளி இரண்டு கிடந்தன.

"வாங்க சார், முதல்ல இதக் கழுவிருவோம்."

சாருக்குச் சுருக்கென்றது. வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காதவர். இருந்தாலும் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். மேடமும் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் தன் வாளியைத் தேய்க்க ஆரம்பித்தார். நன்றாக அடிப்பிடித்திருந்தது. லேசில் போகவில்லை.

கொஞ்ச நேரம் தேங்காய் நார் உரசுகிற சத்தம்தான்.

"எங்க ஹாஸ்டல்லயும் இதே மாதிரி வாளிதான்" என்றார் சார்.

"ம்."

அப்புறம் சார் பேசிக்கொண்டே போனார். ஆறாவதில் ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் அம்மா எட்டு மைல் நடந்து கடலை உருண்டை கொண்டுவருவார். ஒரு ஞாயிறு, அம்மாவின் ஒட்டுப்போட்ட சேலையைப் பையன்கள் கேலி பண்ணிவிட்டார்கள். அடுத்த வாரம் அம்மா வந்தபோது இவர் கிணற்றடியில் ஒளிந்துகொண்டார். அம்மா மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

"அதுக்கப்புறம் உள்ள வரவே மாட்டா. உருண்டைய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு, கேட்டோட திரும்பிருவா. ஏன்னு அவளும் கேக்கல. நானும் சொல்லல."

மேடம் குழாயைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது, இது."

சார் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே மதிய வகுப்புக்கு மணி அடித்தார்கள்.

"பாருங்க, பேச்சுவாக்குல விட்டுப்போச்சு. அந்தக் கேள்விய நீங்க சொல்லவே இல்லையே. அந்தப் பிள்ளைகிட்ட நான் என்ன கேக்கட்டும்?"

மேடம் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"இவ்வளவு நேரம் நான் உங்ககிட்ட என்ன கேட்டேன் சார்?"