மொத்தையன் வாயைத் திறக்கலை

ஒரு கடல்ல, கரையோரமா ஒரு பாறை, பாறையடியில ஒரு மீனு. நம்ம கடல் இல்லை கண்ணு, வடக்கே, பனிக்கட்டி மிதக்கிற கடல். மீனு பேரு மொத்தையன். பிடிச்சு வச்ச மாவு உருண்டை மாதிரி இருப்பான். வேகமா நீந்த வராது. ஆனா வயித்துக்கு அடியில இட்லிக்குழி மாதிரி ஒரு வட்டம். அதை வச்சுப் பாறையில ‘பச்சக்’னு ஒட்டிக்குவான். கேக்குறியா?

ம்.

அவன் பொண்டாட்டி குமிழி, பாறையில கொத்தா முட்டை இட்டா. “ஏங்க, நான் ஆழத்துக்குப் போறேன். குஞ்சு வர்ற வரைக்கும் நீங்கதான் காவல். ஒண்ணுகூடக் காயக்கூடாது”ன்னா. அவங்க வழக்கம் அப்படி. மொத்தையனும் பட்டினியாக் கிடந்து, துடுப்பால ‘விசுக் விசுக்’னு முட்டைக்குத் தண்ணி விசிறினான்.

அப்போ ஒரு நண்டு ‘கிறுக் கிறுக்’னு வந்துச்சு. “என்ன மச்சான், அவ ஊர் சுத்துறா, நீ தொட்டில் ஆட்டுறியா?”

“ஆமா மச்சான். உனக்குத்தான் இத்தனை காலு இருக்கே, ஒண்ணுலயாவது பிள்ளையைத் தூக்கினியா?”

நண்டு பக்கவாட்டுலயே நழுவிருச்சு.

அப்புறம் புயல். ‘தொபீர் தொபீர்’னு மூணு நாள் அலை. மொத்தையன் ஒட்டினது ஒட்டினபடி. தூங்கிட்டியா?

ம்ம்.

அப்புறம் ஒரு அமாவாசைக்குக் கடல் வத்தி, என்னைக்கும் இல்லாத தூரம் பின்வாங்கிருச்சு. ‘சர்ர்’னு தண்ணி வடிய, மத்த மீனெல்லாம் கூடவே போயிருச்சு. மொத்தையன் மட்டும் வாய் நிறையத் தண்ணியை அடக்கிக்கிட்டு, முட்டை மேல கவிழ்ந்து படுத்துக்கிட்டான். ‘ப்ளுக்’. சொட்டுச் சொட்டா முட்டையை நனைச்சான்.

அப்போ பாத்து ஒரு கடல்காக்கா வந்து முதுகுல ‘டொக்’னு கொத்துச்சு. “என்னடா மொத்தை, எல்லாம் ஊளைமுட்டை தானே?”

நண்டுக்குச் சொன்ன மாதிரி சுள்ளுனு ஒண்ணு சொல்ல நாக்கு துடிச்சுது. வாயைத் திறந்தா தண்ணி போயிரும். உதட்டை இறுக்கிக்கிட்டான்.

“வாயில கொழுக்கட்டையா?” டொக். டொக்.

அவன் ஒரு சொட்டு விட்டான். ‘ப்ளுக்’. இன்னொண்ணு. ‘ப்ளுக்’. கடைசிச் சொட்டும் தீர்ந்த நேரம், ‘சலசல’ன்னு கடல் திரும்பி வந்துச்சு. காக்கா பறந்துருச்சு.

அப்புறம் ஒரு காலையில ‘பொட் பொட்’னு முட்டை வெடிச்சு, கடுகு கடுகாக் குஞ்சு. எங்கே ஒட்டுறதுன்னு தெரியாம, எல்லாம் அப்பன் மேலேயே ஒட்டிக்கிச்சு. மூக்குல நாலு, முதுகு பூரா மீதி. ஒட்டின இடத்துலயே தூங்கியும் போச்சு.

மொத்தையனுக்கு அகோரப் பசி. அசைஞ்சா முழிச்சுக்குமேன்னு, அப்படியே கண்ணை மூடிக்கிட்டான்.

ம்...

கதையும் கரை ஒதுங்கியாச்சு. இன்னும் கொஞ்சம் ஒட்டிப் படு. தூங்கு.