கரும்பாறைச் சுனையும் அறுபத்து நான்கு கோடுகளும்

ஒரு பெரிய காட்டின் நடுவே அகலமான குளம் ஒன்று இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை, கோடை முடிகிற சமயத்தில், அதன் கரையில் விலங்குகளின் ஆராய்ச்சி மாநாடு கூடும். ஐந்து காடுகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். அன்று ஒரு நாள் மட்டும், கரையைச் சுற்றிக் கல் நட்ட எல்லைக்குள் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது என்பது சட்டம்.

அந்த ஆண்டு வெட்சி என்ற இளம் சருகுமானும் வந்திருந்தது. முயல் அளவே இருக்கும் சின்ன மான் அது. பயம் வந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டும். அன்று விடிந்ததிலிருந்தே தட்டிக்கொண்டுதான் இருந்தது.

மாநாட்டில் சிறந்த ஆராய்ச்சி எது என்று முடிவாகிறதோ, அதைச் செய்தவருக்கு ஓர் ஆண்டு முழுவதும் மூங்கில் தோப்பில் இடம் கிடைக்கும். யானைகள் காவல் காக்கும் தோப்பு அது. சிறுத்தை உள்ளே நுழையாது. வெட்சியின் அம்மாவும் அண்ணனும் சிறுத்தையின் வாயில்தான் போனார்கள். அந்தத் தோப்பில் ஒரு நாளாவது கண்ணை முழுசாக மூடித் தூங்க வேண்டும் என்பது அதன் ஆசை.

வெட்சி செய்த ஆராய்ச்சி இதுதான். காட்டில் குளம்பு நோய் பரவியிருந்தது. குளம்பு வெடித்துச் சீழ் வைக்கும். குட்டிகள் நடக்க முடியாமல் விழும். மலை மேலே கரும்பாறைச் சுனை என்று ஓர் ஊற்று உண்டு. அதன் பக்கத்துப் புதரில் எண்பது நாள் ஒளிந்திருந்து, தண்ணீர் குடிக்க வந்த ஒவ்வொரு விலங்கின் குளம்பையும் வெட்சி பார்த்தது. அதன் உயரத்துக்குக் குளம்புகள்தான் முதலில் கண்ணில் படும். அறுபத்து நான்கு விலங்குகள் வந்தன. ஒன்றின் காலில்கூடப் புண் இல்லை. குளத்துப் பக்கமோ பத்தில் நான்குக்கு நோய். சுனைத் தண்ணீர்தான் நோயைப் போக்குகிறது என்று வெட்சி முடிவு செய்தது.

மாநாட்டுச் செயலாளர் மாசான் என்ற நரி. இதைக் கேட்டதும் அது ஐந்து காடுகளுக்கும் செய்தி அனுப்பிவிட்டது. செய்தியை நம்பி, புள்ளிமான் கூட்டம் ஒன்று நோயுற்ற நாற்பது குட்டிகளை மூன்று நாள் நடத்திக் கூட்டிவந்திருந்தது. வெட்சி பேசி முடித்து மாநாடு ஏற்றுக்கொண்டதும் மலை ஏறுவது என்று திட்டம்.

காலையில் இளம் ஆராய்ச்சியாளர்கள் கரையோர ஈரமண்ணில் தங்கள் முடிவுகளைக் கீறிவைத்துப் பக்கத்தில் நிற்பார்கள். வெட்சி அறுபத்து நான்கு கோடுகள் கீறியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பிறகு பூவரி என்ற புள்ளிமான் வந்தது. அது ஆராய்ச்சி எதுவும் செய்ததில்லை. அதன் குட்டி, நாற்பதில் ஒன்று.

"எல்லாமே நல்ல காலா?" என்று பூவரி கேட்டது.

"ஆமாம் அக்கா. அறுபத்து நான்கும்."

"நல்ல காலாக ஆகி இறங்கியதைப் பார்த்தாய். புண்ணோடு ஏறி வந்ததை எப்போது பார்த்தாய்?"

வெட்சி தன் கோடுகளைக் குனிந்து பார்த்தது.

"என் குட்டியால் இந்தக் கரையிலேயே நிற்க முடியவில்லை" என்றது பூவரி. "அந்த மலையில் எந்தப் பக்கமாக ஏற்றுவது? நோயாளிகள் எந்த வழியாக வந்தார்கள் என்று சொன்னால் போதும், அப்படியே போய்விடுவோம்."

"மதியம் சொல்கிறேன், அக்கா" என்றது வெட்சி. அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

புண்ணோடு ஏறி வந்த ஒரு விலங்கைக்கூட அது பார்த்ததில்லை. மற்ற விலங்குகள் ஏறும் பாதையையும் பார்த்ததில்லை. பாறை இடுக்கு ஒன்றில் நுழைந்து, மலையின் பின்பக்கமாகவே அது சுனைக்குப் போய்வந்தது. அந்த இடுக்கில் அதைத் தவிர யாரும் நுழைய முடியாது.

வெட்சி பேச வேண்டிய நேரம் உச்சி சாய்ந்த பிறகு. அதற்குள் பாதையைப் பார்த்தாக வேண்டும். ஆனால் பாதை, கல் எல்லைக்கு வெளியே இருந்தது.

எல்லைக் கல்லை ஒட்டிய மருதமரத்தில் சிறுத்தை ஒன்று கிளையோடு கிளையாகப் படுத்திருந்தது. அதன் வால் மட்டும் அசைந்தது. வெட்சி சருகுக்குள் வயிறு உரசப் படுத்துக் காத்திருந்தது. சிறுத்தை மறுபக்கம் தலையைத் திருப்பியது. வெட்சி கல்லைத் தாண்டி ஓடியது. மலையடிவாரம் வரை அது திரும்பிப் பார்க்கவே இல்லை.

பாதை செங்குத்தாக இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முதல் வளைவில், காலை இழுத்துக்கொண்டு ஏறிய தடங்கள் மண்ணில் நிறையக் கிடந்தன. இரண்டாம் வளைவில் அவை குறைந்தன. சில திரும்பி இறங்கியிருந்தன. சில பள்ளத்தின் விளிம்போடு நின்றுபோயிருந்தன. வெட்சி எட்டிப் பார்த்தது. கீழே கடமான் குட்டிகளின் எலும்புகள் கிடந்தன. மூன்றாம் வளைவுக்கு மேலே இழுத்த தடம் ஒன்றுகூட இல்லை. அழுத்தமாகப் பதிந்த நல்ல குளம்புகள் மட்டுமே.

வெட்சிக்குப் புரிந்துவிட்டது. சுனை யாரையும் குணமாக்கவில்லை. குணமாக இருந்தவர்களால் மட்டுமே சுனைக்கு ஏற முடிந்தது. எண்பது நாள் அது எண்ணியது அவர்களைத்தான்.

வந்த வழியே பதுங்கிப் பதுங்கி அது குளக்கரைக்குத் திரும்பியபோது மாசான் நரி மூச்சு வாங்க எதிரே வந்தது.

"எங்கே தொலைந்தாய்? அடுத்தது நீதான்."

"ஐயா, என் முடிவு தவறு" என்று வெட்சி கண்டதையெல்லாம் சொன்னது.

மாசான் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது. "இதைக் கேட்க ஐந்து காடு வந்திருக்கிறது. நம் காட்டின் மானம் உன் கையில் இருக்கிறது. நீ பொய் சொல்ல வேண்டாம். 'குணமாக்குவதுபோலத் தெரிகிறது' என்று சொல். கடைசியில் 'மேலும் ஆராய வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்."

"அந்தக் கடைசி வரியைக் கேட்டு மான்கள் நின்றுவிடுமா, ஐயா?"

"தோப்பை நினைத்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாசான் நகர்ந்தது.

வெட்சி மேடைப் பாறையில் ஏறியது. எதிரே யானைகளும் காட்டெருமைகளும் கரடிகளும் நிறைந்திருந்தன. முன்வரிசையில் நாற்பது குட்டிகள் படுத்திருந்தன. அவற்றின் பின்னால் தாய்கள், கிளம்பத் தயாராக. மேற்கே மூங்கில் தோப்பு பச்சையாகத் தெரிந்தது. 'போலத் தெரிகிறது' என்று ஆரம்பித்தால் போதும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

அப்போது முன்வரிசைக் குட்டி ஒன்று எழ முயன்று, முன்னங்கால் மடங்கி, முகம் மண்ணில் பட விழுந்தது.

"சுனைத் தண்ணீர் குளம்பு நோயைக் குணமாக்காது" என்றது வெட்சி. "குணமாக்கும் என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னது தவறு. யாரும் குட்டிகளை அந்த மலையில் ஏற்ற வேண்டாம்."

கரை முழுவதும் இரைச்சல். வெட்சியின் பின்னங்கால் படபடவென்று பாறையைத் தட்டியது. ஆனாலும் அது நிறுத்தவில்லை. பாதையில் கண்ட தடங்களை ஒவ்வொரு வளைவாகச் சொன்னது. எலும்புகளையும் சொன்னது. பூவரி கேட்ட கேள்வியால்தான் தன் கண் திறந்தது என்பதையும் சொன்னது.

புள்ளிமான் கூட்டத்தின் தலைவன் முன்னால் வந்தது. "உன் பேச்சை நம்பி மூன்று நாள் நடந்தோம். நாற்பத்திரண்டு குட்டிகளோடு கிளம்பி, வழியில் இரண்டை இழந்தோம். இப்போது தவறு என்கிறாய்."

"ஆமாம்" என்றது வெட்சி. "அந்த இரண்டுக்கும் நான்தான் காரணம். மற்றவையாவது பிழைக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்."

பூவரி மெல்லக் கேட்டது: "அப்படியானால் என் குட்டிக்கு நான் என்ன செய்யட்டும்?"

எல்லோரும் வெட்சியைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது, அக்கா" என்றது வெட்சி.

அதைவிடக் கடினமான வார்த்தையை அது வாழ்நாளில் சொன்னதில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமை வகித்த பெரியநாச்சி யானை தும்பிக்கையை உயர்த்தியதும் சிரிப்பு அடங்கியது.

"தெரியாது என்றால் தெரிந்தவரைக் கேட்போம்" என்றது பெரியநாச்சி. "சுனைக்கு ஏறும் அந்த அறுபத்து நான்கு பேரில் யாராவது இங்கே இருக்கிறீர்களா?"

ஒரு காட்டெருமை எழுந்தது. "நான் இருக்கிறேன். நாங்கள் மேல்சரிவில் வாழ்கிறவர்கள். அங்கே தரை சரளைக்கல். இந்தக் குளத்துச் சேற்றில் நாங்கள் கால் வைப்பதே இல்லை."

"அதனால்தான் உங்களுக்கு நோய் வரவில்லையா?" என்று பெரியநாச்சி வெட்சியைத் திரும்பிப் பார்த்தது.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பார்க்காமல் இனிமேல் சொல்ல மாட்டேன்" என்றது வெட்சி. "ஆனால் குட்டிகளைச் சேற்றைவிட்டு உலர்ந்த தரையில் படுக்கவைப்பதால் யாரும் பள்ளத்தில் விழ மாட்டார்கள்."

அன்று மாலையே யானைகள் குட்டிகளைத் தாங்கிப் பிடித்து, பக்கத்திலிருந்த சரளை மேட்டில் படுக்கவைத்தன.

மூங்கில் தோப்பு வெட்சிக்குக் கிடைக்கவில்லை. காற்றின் திசையை ஆராய்ந்த தூக்கணாங்குருவி ஒன்றுக்கு அது போனது. மாசான் நரி அந்த மழைக்காலம் முழுக்க வெட்சியோடு பேசவில்லை. நாற்பது குட்டிகளில் முப்பத்தொன்று எழுந்து நடந்தன, ஒன்பது பிழைக்கவில்லை. பூவரியின் குட்டி எழுந்தவற்றில் ஒன்று. அதன்பின் மலைப்பாதையில் ஏறி ஒரு குட்டியும் சாகவில்லை.

மாநாடு முடிந்த மறுநாள் விடியலில் வெட்சி மீண்டும் எண்ணத் தொடங்கியது. இந்த முறை மேல்சரிவில் நல்ல காலோடு நின்றவர்களையும், கீழே சேற்றில் எழ முடியாமல் கிடந்தவர்களையும் சேர்த்தே எண்ணியது.

தன் முடிவு தவறென்று தெரிந்த உடனே, தனக்கு நட்டம் வந்தாலும் அதை எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்பவரே உண்மையான அறிவாளி.