எலி விழுந்த வீடுகள்

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. ஊரே காத்துக்கிட்டிருக்குது" என்றார் தாண்டவமூர்த்தி.

உண்ணாமலை அம்மாள் மடத்துக் கிணற்றடியில் காவித் துணியை அலசிக்கொண்டிருந்தார்.

"என்ன வார்த்தை?"

"வளையல்காரன் திம்மராயன் குடும்பத்தை விரட்டலாம்னு. பிளேக்கைக் கொண்டுவந்தது அவங்கதான்."

"யார் பார்த்தது?"

"பார்க்க என்ன இருக்கு? ஏரிக்கரையில அவங்க வந்து இறங்கின மூணாம் நாள் முதல் சாவு. இதுவரைக்கும் பதினாலு பேர் போயாச்சு."

அம்மாள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

மைசூருக்கு ஏறும் வண்டிப்பாதையில் இருந்தது கரடிப்பள்ளம். அம்மாளுக்கு வயது நாற்பது. துறவு பூணுவதற்கு முன் மேற்கே பிரசவம் பார்த்தவர். சீடர் தாண்டவமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு. மடத்துக்குத் தானியம் வாங்குவதும், இல்லாதவர்களுக்குக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. மகள் வயதுக்காரியின் காலில் விழுகிறாரே என்று ஊர் சிரித்தபோது அவர் கண்டுகொள்ளவில்லை. ஞானம் கேட்டுத்தான் வந்தார். அம்மாள் அவருக்கு எப்போதும் வேலைதான் கொடுத்தார்.

இப்போதும் கொடுத்தார்.

"மூணு நாள் பொறுக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள வீடு வீடாப் போய் ஒண்ணு விசாரிங்க. எலி என்னைக்கு விழுந்ததுன்னு."

"எலியா?"

"ஆமா."

"மனுஷன் சாகறான். நான் போய் எலிக்குத் துக்கம் விசாரிக்கணுமா?"

"எலி முன்னால விழும். பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு மனுஷன் விழுவான். மேற்கே நாலு ஊர்ல பார்த்துட்டேன்."

"ஏன் அப்படி?"

"எனக்குத் தெரியாது."

தாண்டவமூர்த்திக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இருந்தாலும் போனார்.

ஊரார் அரைமனதாகத் தடிகளைக் கீழே வைத்தார்கள். மூன்று நாள்தான் என்றார்கள்.

அவர் கையில் அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் இருந்தது. எந்த வீட்டில் எந்தத் தேதி சொன்னார்களோ, அந்தத் தேதிக்கு எதிரே ஓரத்தில் அந்த வீட்டின் பெயரை எழுதினார்.

சிலர் சிரித்தார்கள். மகனைப் பறிகொடுத்த ஒருவன் கதவைச் சாத்தினான். ஆனால் கேட்டதும் எல்லோருக்கும் நினைவு வந்தது. செத்த எலியை யாரும் மறந்திருக்கவில்லை, யாரும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

குயவர் வீட்டுப் பெண் வாசலைக் காட்டினாள்.

"உச்சி வெயில்ல வந்துச்சு சாமி. கள்ளுக் குடிச்சவன் மாதிரி சுத்திச் சுத்தி இங்கேயே விழுந்துச்சு. நாய் பக்கத்துல படுத்திருந்துச்சு. மோந்துகூடப் பார்க்கல."

"என்னைக்கு?"

"ஆனி அஞ்சு. என் தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு."

அந்தத் தங்கை போய் பத்து நாள் ஆகியிருந்தது. அக்குளில் நெறி கட்டி, இரண்டே நாளில்.

தறிக்காரர் வீட்டில் தறிக்குழிக்குள் நாறியது என்றார்கள். ஆனி ஆறு. சுண்ணாம்புக்காரர் வீட்டில் பானைக்குப் பின்னால் நான்கு. ஆனி ஒன்பது.

இரண்டாம் நாள் மாலை பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திம்மராயன் வந்தது ஆனி பதினாலு.

தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று மறுநாள் காலையில் திரும்பவும் போனார். குயவர் வீட்டுப் பெண் அதே தேதியைச் சொன்னாள். தறிக்காரரும் அதையே சொன்னார். முதலில் எழுதிய ஐந்து பெயர்களையும் வரிசையாக வாசித்தார். எல்லாம் தெரிந்த வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் அவர் நின்றிருக்கிறார்.

நின்று, தோளிலிருந்து கேழ்வரகு மூட்டையை இறக்கியிருக்கிறார்.

வைகாசி இருபது அது. மேற்கே சந்தையில் அன்று ஆளே இல்லை. கடைக்காரர்கள் கேட்ட அளவுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு அவசரமாகக் கடையைக் கட்டினார்கள். எல்லாம் ஆண்டவன் கருணை என்று நினைத்து, இரண்டு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார். மடத்துக்குப் பத்து மூட்டை. மீதியெல்லாம் ஊரில் அடுப்பெரியாத வீடுகளுக்கு.

மடத்துச் சமையல்கட்டுக்கு நடந்தார். அங்காயி புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்காயி, நம்ம களஞ்சியத்துல எலி விழுந்துச்சா?"

"அதான் அப்பவே சொன்னேனே."

"எப்போ?"

"வைகாசி கடைசியில. மூட்டைக்கு அடியில மூணு கிடக்குதுன்னு வந்து சொன்னேன். எடுத்துத் தூரப் போடுன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டீங்க."

அவருக்கு அது நினைவே இல்லை. அவள் பொய் சொல்லுகிறவளும் இல்லை.

ஏரிக்கரையில் ஊர் கூடிவிட்டது. திம்மராயன் தன் மனைவியையும் மக்களையும் வண்டிக்கடியில் உட்காரவைத்து, முன்னால் வெறுங்கையோடு நின்றான். தாண்டவமூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றார்.

"கொண்டுவந்தது இவன் இல்ல. நான்."

யாருக்கும் புரியவில்லை. பஞ்சாங்கத்தைப் பிரித்து, தேதியும் வீடுமாக வாசித்தார். குயவர் வீடு வந்தது. நிறுத்தாமல் வாசித்தார்.

அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் அடிக்கவில்லை. மகனைப் பறிகொடுத்தவன் மட்டும் கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தடியைப் போட்டுவிட்டு, "அந்தக் கேழ்வரகுக் கூழைத்தான் அவன் கடைசியாக் குடிச்சான்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மடத்துக்கு வந்து அம்மாளின் காலடியில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

"தெரிஞ்சுதான் என்னை அனுப்பினீங்களா?"

"இல்ல."

"எனக்கு என்ன தண்டனைம்மா?"

"அதுல மொத்தம் எத்தனை வீடு எழுதியிருக்கீங்க?"

"நான் கேட்டது..."

"எத்தனை வீடு?"

தரையில் கிடந்தபடியே பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "இருபத்தஞ்சு."

"மனுஷன் விழுந்தது?"

"பதினாறு வீட்டுல."

அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாண்டவமூர்த்தி மறுபடி பஞ்சாங்கத்தைப் பார்த்தார். இத்தனை நேரமும் அவர் விரல் மேல்வரியிலேயே, யார் முதல் என்ற இடத்திலேயே நின்றிருந்தது. இப்போது கீழே இறங்கியது. ஆனி இருபது, கொல்லர் வீடு. இருபத்திரண்டு, பூக்காரி வீடு. நேற்று, செக்குக்காரர் வீடு.

எழுந்தார். மேல்துண்டு விழுந்ததைக் கவனிக்காமல் ஓடினார்.

கொல்லர் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினார். இடுப்பில் குழந்தையோடு அந்த வீட்டுப் பெண் திறந்தாள்.

"பாயைச் சுருட்டும்மா. எல்லாரும் வெளியே வாங்க. இன்னைக்கே வயல்ல குடிசை போட்டுடலாம்."

அவள் பயந்துபோய்க் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லையே சாமி?"

"அதனாலதாம்மா வந்தேன்."