சூளைப் பிள்ளைகளின் ராத்திரிச் சோறு

"உண்மையைச் சொன்னா யாரும் உதவி பண்றதில்ல, சாமியம்மா. ஒரு நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா?"

கேட்டுக்கொண்டேதான் மாசிலாமணி குடிசைக்குள் நுழைந்தார். உச்சி வெயில். சட்டையெல்லாம் வேர்வை.

சாமியம்மா அடுப்பிலிருந்த கஞ்சிச் சட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தார்.

ஏரிக்கரையில் தனியாக இருக்கிற துறவி அவர். வயதில் மாசிலாமணியைவிடச் சின்னவர்தான். ஆனாலும் மாசிலாமணிக்கு அவர்தான் குரு.

செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு சாயங்காலப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார் மாசிலாமணி. ஒரு தகரக் கொட்டகை. இரண்டு டீச்சர்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பட்டணத்து அறக்கட்டளை ஒன்றை நம்பியிருந்தார்.

போன வருஷம் அவர்கள் வந்து பார்த்தார்கள். பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலைசீவி, பவுடர் பூசி, பளிச்சென்று உட்கார்ந்திருந்தார்கள். நன்றாகத்தானே இருக்கிறார்கள், இதைவிடக் கஷ்டப்படுகிற இடத்துக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நாளைக்கு மறுபடி வருகிறார்கள். கைக்காசு போட்டு ஒரு வருஷம் ஓட்டிவிட்டார். இந்தத் தடவையும் பணம் இல்லையென்றால் கொட்டகைக்குப் பூட்டுதான். பிள்ளைகள் கல் அடுக்கப் போய்விடுவார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே மாசிலாமணி கஞ்சியைக் குடித்தார். மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டார். சட்டி காலியானது.

"பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கீங்க?"

எண்ணெய் வைக்க வேண்டாம், செருப்புப் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். கொஞ்சம் தயங்கினார்.

"ராத்திரி எங்க வீட்ல சோறு கிடையாது, பட்டினியாத்தான் படுப்போம்னு சொல்லச் சொல்லியிருக்கேன். செவ்வந்திதான் சொல்லப் போறா. மெலிஞ்ச பிள்ளை. பார்த்தாலே நம்பிடுவாங்க."

"அவ சாப்பிடறதில்லையா?"

"அதெல்லாம் சாப்பிடுவா. அலமேலு தன் பிள்ளைக்குப் போடாம இருப்பாளா?"

சாமியம்மா காலிச் சட்டியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நாளைக்கு நானும் வருகிறேன் என்றார்.

சரியென்று சொன்னதாகவே மாசிலாமணி எடுத்துக்கொண்டார். மனசு லேசாகி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் கார் வந்தது. அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார். பிள்ளைகள் பரட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் தாய்மார்கள். சூளையிலிருந்து நேரே வந்திருந்தார்கள், கையில் ஒட்டிய மண் காயவில்லை. சாமியம்மாவும் அவர்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வந்தவர் தங்கமானவர். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தப்பாக வாசித்த பையனையும் தட்டிக் கொடுத்தார். அப்புறம் செவ்வந்தியிடம் குனிந்து, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

செவ்வந்தி மாசிலாமணியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"ராத்திரி எங்க வீட்ல சோறு கிடையாது. பட்டினியாத்தான் படுப்போம்."

பின்னாலிருந்து அலமேலு எழுந்தாள். வரிசைக்கு நடுவே நடந்து வந்தாள். அடிக்கப் போகிறாளோ என்று ஒரு டீச்சர் பதறி எழுந்துவிட்டார். அலமேலு அடிக்கவில்லை. மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"நேத்து நான் உனக்கு ஊட்டலியா, கண்ணு?"

செவ்வந்திக்கு அழுகை வந்துவிட்டது. ஊட்டினே என்றாள், அழுகைக்குள்ளேயே.

அலமேலு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

இன்னொருத்தி எழுந்தாள். தன் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். அப்புறம் இன்னொருத்தி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கொட்டகையில் சிலேட்டுகள் மட்டும் கிடந்தன.

மாசிலாமணி தூணைப் பிடித்துக்கொண்டார். அறக்கட்டளைப் பெண்மணி வாசலில் நின்றார், எங்கே பார்ப்பதென்று தெரியாமல்.

"எல்லாம் போச்சு, சாமியம்மா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க உட்கார்ந்திருப்பாங்க."

சாமியம்மா கிடந்த சிலேட்டுகளை எடுத்து அடுக்கினார்.

"உண்மையைச் சொல்லியிருக்கணும்ங்கறீங்களா? உண்மையில என்ன இருக்கு? பிள்ளை சாப்பிட்டுட்டுத்தான் படுத்துச்சுன்னு சொன்னா, அப்போ உங்க ஊர்ல பசியே இல்லையேன்னு போயிருப்பாங்க."

"நேத்து என் குடிசையில கஞ்சி குடிச்சீங்களே. வயிறு நிறைஞ்சுதா?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவருக்குக் கோபமே வந்தது. நிறைந்தது என்றார்.

"நான் குடிச்சேனா?"

மாசிலாமணி நினைத்துப் பார்த்தார்.

அடுப்பில் இருந்தது ஒரே ஒரு சட்டி. அதைக் கழுவிக் கவிழ்த்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வாசலில் நின்ற பெண்மணி சூளைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணியும் பார்த்தார்.

மெலிந்த பிள்ளைதான். ஆனாலும் கொஞ்ச தூரம் போவதற்குள் அலமேலு நின்றாள். மூச்சு வாங்கினாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தாள்.