மெலிந்தவர்களைத் துரத்திய மர்மோட்டுகள்

இமயமலையில், மரங்கள் வளராத உயரத்தில் ஒரு புல்வெளி. அங்கே மர்மோட் கூட்டம் ஒன்று வளை தோண்டி வாழ்ந்தது. மர்மோட் அணில் இனம்தான். ஆனால் பூனையைவிடப் பருமன், மரம் ஏறாது. கோடையில் தின்று கொழுக்கும். பனிக்காலம் முழுவதும் ஒரே அறையில் ஒட்டிப் படுத்துத் தூங்கும். தூங்குமுன் மண்ணும் கல்லும் வைத்து வளைவாயை உள்ளிருந்தே அடைக்கும். அடைக்காவிட்டால் குளிர் கொல்லும். குளிருக்கு முன் நரி கொல்லும்.

அந்த ஆண்டு காற்று சீக்கிரமே மாறியது. புல் கருகியது. மேகம் நாளுக்கு நாள் கீழே இறங்கியது. எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பார்த்து அவசரமாக மேய்ந்தார்கள்.

ஒருநாள் நரி வந்தது. காவல் பாறையில் நின்ற கூர்விழி விசிலடித்தாள். எல்லோரும் வளைக்குள் பாய்ந்தார்கள். தலைவன் தொப்பையன் மட்டும் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"பயப்படாதீர்கள் அண்ணே! ஒரு நியாயம் கேட்க வந்தேன்" என்றது நரி.

"அங்கேயே நின்று கேள்!"

"கோடையெல்லாம் தின்று கொழுப்புச் சேர்த்தவர் நீங்கள். அந்தச் சூட்டில் குளிர்காய்கிறவர்கள் ஒல்லிப் பயல்கள். இது அடுக்குமா?"

தொப்பையனுக்கு அன்று புல் இறங்கவில்லை.

மறுநாள் கூட்டம் போட்டான். கூட்டம் என்றால் கொழுத்தவர்களின் கூட்டம். மெலிந்தவர்கள் அப்போது வளையை அடைக்க மண் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம் கொழுப்பு நமக்கே போதுமோ என்னவோ! ஒல்லிகள் வேறு வளை பார்த்துக்கொள்ளட்டும்!" என்றான் தொப்பையன்.

ஒருவரும் மறுக்கவில்லை. அச்சம் புகுந்துவிட்டால் அநியாயம்கூடச் சிக்கனமாகத் தெரியும்.

கூர்விழி எலும்பும் தோலுமாக வந்து நின்றாள்.

"நான் ஏன் மெலிந்தேன் அண்ணே? நீங்கள் குனிந்து மேய்ந்தபோது நான் நிமிர்ந்து காவல் நின்றேன். உங்கள் தொப்பையில் பாதி என் பட்டினி!"

"மேடைப் பேச்சு வேண்டாம்! கிளம்பு!"

மெலிந்தவர்கள் எல்லோரும் அவளோடு போனார்கள். எதிர்ச்சரிவில் யாரோ கைவிட்ட வளை ஒன்று இருந்தது. ஆழம் போதாது. நகம் பிளக்கத் தோண்டினார்கள்.

"இது தாங்குமா அக்கா?" என்று கேட்டான் மெலிந்தவர்களில் இளையவனான செம்பன்.

"தெரியாது. தோண்டு!"

மாலையில் முதல் பனி விழுந்தது. பெரிய வளைக்குள் கொழுத்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

"வளைவாயை யார் அடைப்பது?"

"எப்போதும் ஒல்லிகள்தானே அடைப்பார்கள்!"

"அவர்களை விரட்டியது தலைவர். தலைவரே அடைக்கட்டும்!"

தொப்பையன் முனகிக்கொண்டே போனான். குறுகலான வாயருகே திரும்பினான். தொப்பை இடித்தது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை.

எதிர்ச்சரிவிலிருந்து கூர்விழி அதைப் பார்த்தாள். பனியில் ஊர்ந்து வரும் நரியையும் பார்த்தாள்.

"விசிலடிக்காதே அக்கா! நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிடும்!" என்று தடுத்தான் செம்பன். "நம் வளையும் இன்னும் திறந்தே கிடக்கிறது!"

கூர்விழி திறந்து கிடந்த தன் வளையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் விசிலடித்தாள்.

"பொறாமையில் கத்துகிறாள்! நம்பாதீர்கள்!" என்று அலறினான் தொப்பையன்.

மற்றவர்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கோடை முழுவதும் அந்த விசில் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. ஆபத்துக்கென்று தோண்டி வைத்திருந்த பின்வழியாக வெளியேறி எதிர்ச்சரிவுக்கு ஓடினார்கள். நரி அவர்களைத் துரத்தவில்லை. வாசலிலேயே அதற்கு இரை கிடைத்துவிட்டது.

"எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்!" என்று கொழுத்தவர்கள் கெஞ்சினார்கள்.

"இப்போது மட்டும் ஒல்லிகளின் வளை இனிக்கிறதோ?" என்று சீறினான் செம்பன்.

கூர்விழி வழியை மறித்து நின்றாள். "வாய் நிறைய மண்ணோடு வருகிறவர் உள்ளே வரலாம்! வெறும் வாயோடு வருகிறவருக்கு இடமில்லை!"

உறைந்த மண்ணைப் பல்லால் பெயர்த்தார்கள். உதட்டில் ரத்தம் கசிந்தது. நரி தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் வாசல் அடைபட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கூர்விழி அதை எதிர்பார்க்கவும் இல்லை. இருட்டில் எல்லோரும் ஒரே குவியலாகப் படுத்தார்கள்.

தனக்காக மெலிந்தவரைச் சுமை என்று வெளியே தள்ளும் கூட்டம், தன் வாசலைத் தானே பகைவனுக்குத் திறந்துவிடுகிறது.