இனிக்கும் தண்ணீர்

கீழக்கரிசலில் ஊர்க்குழாயைத் திறந்தால் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்க வேண்டுமென்றால் பஞ்சாயத்துத் தலைவர் வில்வலிங்கம் விற்கும் கேன் தண்ணீரை வாங்க வேண்டும். விறகை மூடி எரித்துக் கரிமூட்டம் போடும் பஞ்சவர்ணத்துக்குக் கூலியில் பாதி அதற்கே போனது. மகள் தாகத்துக்கு அழுதாலும் அரை டம்ளர்தான் கொடுப்பாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் மேலிடத்தில் போய் முறையிட்டாள். விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது.

தலைவர் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு அதட்டினார்.

"குழாய்த் தண்ணி இனிக்குதுன்னு நீயே உன் வாயால சொல்லணும். மாத்திச் சொன்னே, நூறு நாள் வேலை உனக்குக் கிடையாது."

"அப்படியே சொல்லிர்றேங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

அதிகாரி வந்தார். பஞ்சவர்ணம் குழாயில் ஒரு செம்பு பிடித்து வந்தாள்.

"தண்ணி இளநி மாதிரி இனிக்குதும்மா. தலைவரய்யா பாவம், வெயில்ல நிக்கிறாரு. முதல்ல அவர் குடிக்கட்டும்."

ஊரே பார்த்தது. தலைவர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது, கண்ணில் நீர் முட்டியது. விழுங்க முடியாமல் வெள்ளைச் சட்டை மேலேயே துப்பிவிட்டார்.

"இனிப்பு கொஞ்சம் கூடிப்போச்சு போலம்மா" என்றாள் பஞ்சவர்ணம்.

அதிகாரி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மறுநாளே அரசு லாரியில் நல்ல தண்ணீர் காசில்லாமல் வந்தது. சொன்னபடியே சொன்னவளைத் தலைவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று மகள் டம்ளரைக் காலி செய்ததும், "இன்னும் வேணுமாடி?" என்று பஞ்சவர்ணம் முதல்முறையாகக் கேட்டாள்.