மஞ்சள் அடைத்த வண்டி

சடையிலே கங்கையையும் கையிலே கனலையும் ஏந்தி, அது இதை அவிக்காமலும் இது அதை வற்றச்செய்யாமலும் காத்தருளும் பெருமான் திருவடி நம் முன்னிற்க.

“நாள் தவறாம திருமுறை ஓதறேனுங்க அம்மா. மனசு மட்டும் கொதிச்சுக்கிட்டே இருக்குது.”

இப்படி முறையிட்டவர் அவிநாசி அம்பலவாணர். மனைவியை இழந்தவர். மேட்டுப்பாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்து மடத்தின் வாசலில் அவருடைய பழைய கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது.

மடத்துத் தலைவி வடிவாம்பிகை அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். செடிகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தவர், குழாயைக் கீழே வைக்காமலே, எங்கே புறப்பட்டீர்கள் என்று கேட்டார்.

குன்னூருக்கு என்றார் அம்பலவாணர். அங்கே மகள் உமையாள் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் புறப்படுவதும், மலைப்பாதையில் வண்டி கொதித்து நின்றுவிடுவதும், வீடு திரும்பித் தனக்கு மட்டும் உலை வைப்பதுமாகக் காலம் போகிறது என்றார்.

“குன்னூருக்குப் பஸ் போகுதுங்களே ஐயா.”

அம்பலவாணர் ஆவி கக்கும் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

வண்டி ஆறட்டும் என்று இருவரும் வேப்பமரத்தடியில் அமர்ந்தார்கள். மகள் ஏன் இறங்கி வருவதில்லை என்று அம்மையார் கேட்டார். அம்பலவாணர் மலையைப் பார்த்தபடி சொன்னார்.

மனைவி கோமளம் கண்மூடிய அன்று உமையாள் வாய்விட்டு அழுதாள். திருமுறை ஓதும் குடும்பத்தில் பிறந்தவள் ஊரார் முன்னே இப்படி அழலாமா என்று அவர் அதட்டினார். அவள் அக்கணமே அழுகையை நிறுத்தினாள். காரியங்கள் முடிந்து மலையேறியவள் பிறகு வரவே இல்லை.

“நீங்க அழுதீங்களா?”

“இல்லீங்க.”

அதைப் பெருமையாகச் சொல்ல நினைத்தார். அது முறையீடுபோல வந்தது.

அம்மையார் எழுந்து, வண்டி ஆறிவிட்டது, திறந்து பாருங்கள் என்று காட்டினார்.

அம்பலவாணர் மேல்துண்டைக் களைந்து வைத்துவிட்டு, ரேடியேட்டரின் குழாய்களைக் கழற்றினார். எப்போதும் செய்வதுபோல் மேல்வாயில் நீரை ஊற்றினார். கீழ்வாயில் நூல்போல ஒரு தாரை விழுந்தது.

“தெளிவாத்தானுங்க வருது” என்றார்.

அம்மையார் சன்னதிப் பக்கம் கையை நீட்டினார். அபிஷேக நீர் வெளியே விழுகிற கோமுகி அங்கே இருந்தது. சந்தனமும் மஞ்சளும் சேர்ந்து அது அடைத்துக்கொள்ளும்போது உள்ளிருந்து எவ்வளவு ஊற்றினாலும் அடைப்பு இறுகத்தான் செய்யும் என்றும், தாம் வெளியிலிருந்தே நீரைச் செலுத்துவது வழக்கம் என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே தோட்டத்துக் குழாயை ரேடியேட்டரின் கீழ்வாயில் செருகினார்.

முதலில் ஒன்றும் நிகழவில்லை.

பிறகு உள்ளே ஏதோ உறுமிற்று. மேல்வாய் குமட்டியது. துருவும் சேறுமாய் வந்தன. அவற்றின் பின்னே மஞ்சள் மஞ்சளாய்க் கட்டிகள் வந்து விழுந்தன. மடத்து வாசலில் கல்யாண வீட்டு மணம் எழுந்தது.

அம்மையார் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார்.

“ஊர்ச் சாம்பாருக்கெல்லாம் சேர்த்து இங்கேயே போட்டுட்டீங்களா?”

அம்பலவாணருக்குச் சிரிப்பு வரவில்லை. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள்தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்றார். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். பற்றவைக்கிற பட்டறை வரை போய்ச் சேர்வதற்கான உபாயம் அது. அவர் பட்டறைக்குப் போனதே இல்லை. ஒழுகும்போதெல்லாம் ஒரு பிடி போட்டார்.

“ஒழுகல் நின்னுதுங்களா?”

“நின்னுதுங்க.”

“அப்புறம்?”

“அப்புறந்தான் கொதிக்க ஆரம்பிச்சுது.”

சொன்னவர் தம் சொல்லைத் தாமே கேட்டவர்போல் நின்றார்.

நீர் தெளியும் வரை குழாய் ஓடிற்று. பிறகு அம்பலவாணர் எல்லாவற்றையும் பூட்டி, ரேடியேட்டரை நிரப்பினார். நிரம்பிய சற்றுநேரத்தில் வண்டியின் அடியில் சொட்டு விழுந்தது. பழைய ஓட்டை. அம்பலவாணர் பதறிப் பின்புறம் ஓடி, டிக்கியிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தார்.

அம்மையார் கையை நீட்டினார். டப்பாவை வாங்கிக்கொண்டு மடைப்பள்ளிக்குள் போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு குடம் நீர் இருந்தது. அதைக் கொண்டுபோய், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், கோமளம் அமர்ந்து வந்த இடத்தில் வைத்தார்.

“ஒழுகுதுங்களே அம்மா.”

“ஒழுகும். ஊத்திக்கிட்டே போங்க.”

வண்டி மலையேறிற்று. அவர் அவ்வப்போது வளைவில் நிறுத்தினார். ஆறும் வரை காத்திருந்து நீர் ஊற்றினார். குடம் காலியானபோது பாறையில் கசிந்த சுனையில் நிரப்பிக்கொண்டார். பக்கத்து இருக்கையில் குடம் தளும்பித் தளும்பி வந்தது. அது கவிழாமல் ஒரு கையை அதன் தோளில் வைத்துக்கொண்டார். வெகுகாலத்துக்குப் பின் அந்தப் பக்கம் அவர் கை போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் உமையாள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வண்டியின் அடியில் ஈரம் பரவியிருந்தது.

“வண்டி ஒழுகுதுங்கப்பா.”

“ஒழுகட்டும் அம்மிணி” என்றார் அம்பலவாணர். கண்ணீர் வழிந்த முகத்தை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

இதைக் கேட்டவர் எவராயினும், அவர் போகவேண்டிய வாசல் அவருக்குத் திறந்திருக்க; போகும் வழியெல்லாம் நீர் சுரந்திருக்க.